அடைப்பு இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது

1

இந்தக் கதை எங்கள் வீட்டு சிங்க்கிலிருந்து வந்தது. பெரிய அனுபவத்திலிருந்து வந்தது, ஆழ்ந்த சிந்தனையிலிருந்து வந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார். பொய் சொன்னால் சிரிப்பார்.

நான் அப்போது ஒரு காதல் கதை எழுதிக்கொண்டிருந்தேன். மழை, பஸ் நிறுத்தம், ஒரு குடை, ஆளுக்குப் பாதி நனைகிற இரண்டு பேர். அந்தக் குடையை எப்படி விரித்தாலும் மனசுக்குப் பிடிக்கவில்லை. விரித்து, மடக்கி, மறுபடி விரித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் சிங்க் 'களக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோயிற்று.

பிளம்பர் வந்தார். எங்கள் பக்கத்தில் அவரை ஸ்பிரிங் என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய்க்குள் விட்டுச் சுழற்றுகிற நீளமான கம்பிச் சுருள் எந்நேரமும் அவர் தோளில் தொங்கும், அதனால் வந்த பெயர். நல்ல மனுஷன், ஆனால் கை ஒரு பங்கு வேலை செய்தால் வாய் நாலு பங்கு செய்யும். உள்ளே வந்தவர் சிங்க்கைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இது மட்டும்தான் நிக்குதா, வேற எங்கயாவது நிக்குதா?"

"இது மட்டும்தான்."

"அடிக்கடி நிக்குமா?"

"இதுதான் மொத தடவை."

"அப்ப என்னை எதுக்கு கூப்பிட்டீங்க? கீழ இருக்கிற வளைவைக் கழட்டிக் கழுவினா முடிஞ்சுது." கழற்றினார், கழுவினார், முடிந்தது. பிறகு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, தான் இதுவரை எடுத்த அடைப்புகளின் வரலாற்றை ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியாக, "ஒரு வீடு. மாடில தம்பி குடும்பம், கீழ அண்ணன் குடும்பம். ஒரே குழாய். அதுல என்ன அடைச்சிருந்துதுன்னு சொன்னா நம்பவே மாட்டீங்க" என்று ஆரம்பித்தார். அதற்குள் போன் வந்தது. யாரோ வீட்டில் வெள்ளமாம். அப்படியே எழுந்து ஓடிவிட்டார்.

என்ன அடைத்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காதல் கதை அன்றோடு சரி.

2

முதல் தொடக்கம்:

*எல்லா வீடுகளுக்கு அடியிலும் இன்னொரு வீடு இருக்கிறது. அங்கே மனித உறவுகள் எனும் குழாய்களில்*

(போதும். 'மனித உறவுகள் எனும்' என்று கிளம்புகிற வாக்கியம் எதுவும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. அழிக்காமல் விடுகிறேன், எனக்கே ஒரு எச்சரிக்கையாக இருக்கட்டும்.)

இரண்டாவது:

*பாத்ரூம் தரையில் கணுக்கால் தண்ணீர் நின்றது. அதில் ஒரு முடி மிதந்தது. அந்த முடி அவளுடையது அல்ல*

(இது மோசமில்லை. ஆனால் முடியில் ஆரம்பித்தால் துப்பறியும் கதை ஆகிவிடுகிறது. அடுத்த பக்கத்தில் பிணம் எங்கே என்று கேட்பீர்கள்.)

மூன்றாவது:

*ஒரு வீட்டில் இரண்டு ஓரகத்திகள் இருந்தார்கள். கீழே மூத்தவள், மாடியில் இளையவள்.*

இதையே வைத்துக்கொள்கிறேன். வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று இருக்கிறது.

மூத்தவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். தெரு முழுக்க அவளுக்குக் கேக் அக்கா என்று பெயர். இளையவள் மாடி முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டி, அலசி, சாயம் போட்டுவிடுகிறாள். அவள் பெயர் பார்லர். புருஷன்மார் இருவரும் காலையில் ஒரே பைக்கில் வேலைக்குப் போய் சாயங்காலம் ஒரே பைக்கில் திரும்புவார்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு அவ்வளவுதான் வேலை.

ஓரகத்திகள் என்றதும் நீங்கள் குடுமிப்பிடிச் சண்டையை எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை. இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். கேக் ஓவனிலிருந்து வரும்போது நடுவில் மேடாக உப்பியிருக்கும். க்ரீம் பூசுவதற்கு முன் அந்த மேட்டைக் கத்தியால் சீவித் தட்டையாக்க வேண்டும். அந்தச் சீவல் முழுவதும் சுடச்சுட மாடிக்குப் போகும். பார்லர் அதைத் தின்றுகொண்டே "இன்னைக்கு சர்க்கரை தூக்கல்" என்றோ "இன்னைக்குக் கொஞ்சம் வறண்டுபோச்சு" என்றோ சொல்லுவாள். கேக் அக்கா இத்தனை வருஷத்தில் வேறு யாருடைய நாக்கையும் நம்பியதில்லை. பதிலுக்குக் கடை இல்லாத நாளில் பார்லர் அவள் தலையை அலசி உலர்த்திவிடுவாள். அக்கா நாற்காலியிலேயே தூங்கிவிடுவாள், குறட்டையோடு.

3

கேக் அக்காவுக்கு இன்னொரு திறமையும் உண்டு. ரப்பர் பம்பு. கட்டையின் முனையில் ரப்பர் கிண்ணம் வைத்த அந்தச் சாமானை அவள் பிடிக்கிற அழகே தனி. சிங்க்கில் கிண்ணம் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் விடுவாள், சிங்க் விளிம்புக்குக் கீழே, நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற துவாரத்தை ஈரத்துணியால் அடைப்பாள், பிறகு கிண்ணத்தைத் தூக்காமல் அதே இடத்தில் அழுத்தி அழுத்தி இழுப்பாள். எப்பேர்ப்பட்ட அடைப்பும் 'கொளக்' என்று இறங்கிவிடும். பக்கத்து வீடுகளிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள்.

(கேக் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். பம்பு பாத்ரூம் ஆணியில், மாவு கலக்கும் கம்பி சமையலறை ஆணியில். ரெண்டும் ஒன்றையொன்று பார்த்ததுகூடக் கிடையாது.)

சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெண்ணெய் அப்பிய பாத்திரங்களைக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றித்தான் கழுவுவாள். பிசுக்கு அப்படியே உருகி ஓடிவிடும். சிங்க் பளபள என்று முகம் காட்டும்.

அப்படிப்பட்டவள் வீட்டுப் பாத்ரூமில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. மாடியில் யாருக்காவது தலை அலசினால் போதும், கீழே தரைத் துவாரத்தின் வழியாகத் தண்ணீர் மேலே வரும். கூடவே முடியும் வரும். கேக் அக்கா பம்பை எடுப்பாள், அடிப்பாள், இறங்கும். ரெண்டு நாளில் மறுபடி நிற்கும். மறுபடி அடிப்பாள்.

ஒருநாள் பெரிய ஆர்டர். அடுக்கு கேக். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பாத்ரூம் வாசலைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டது. மாடிப்படியில் நின்று கத்தினாள்.

"உன் கடை முடியெல்லாம் என் வீட்டுக்குள்ள மிதக்குது. நான் என்ன உனக்கு வேலைக்காரியா, நாளெல்லாம் அள்ளிக் கொட்டிக்கிட்டே இருக்க?"

பார்லர் ஒன்றும் பேசவில்லை. சும்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரமே ரெண்டு தெரு தள்ளி, முன்னால் கடை, பின்னால் வீடு என்று ஒரு இடம் பார்த்துவிட்டாள். மாடியில் அட்டைப்பெட்டிகள் நிறைய ஆரம்பித்தன. கேக் அக்காவின் சமையலறையில் சீவல்கள் ஒரு தட்டில் சேர்ந்து காய்ந்துகொண்டிருந்தன. சர்க்கரை சரியா, தூக்கலா என்று சொல்ல ஆள் இல்லை. போகட்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

4

சாமான் ஏற்றும் வண்டி வருவதற்கு முதல் நாள் காலை. பார்லர் புது இடத்தைப் பெருக்கிக் கழுவப் போயிருந்தாள். மாடி பூட்டியிருந்தது, ஒரு குழாய்கூடத் திறக்கவில்லை. கேக் அக்கா வழக்கம்போல வெண்ணெய்ப் பாத்திரங்களில் வெந்நீரை ஊற்றினாள். சிங்க்கில் தண்ணீர் மெதுவாகச் சுற்றிச் சுற்றி இறங்கியது. பாத்ரூமில் 'குளுகுளு' என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். தரைத் துவாரத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

மாடியில் ஆளே இல்லை.

ஸ்பிரிங்குக்குப் போன் போட்டாள். (ஆமாம், அதே ஸ்பிரிங். சொந்தமாக இன்னொரு பிளம்பரை உருவாக்க எனக்குச் சோம்பல்.)

"சிங்க்ல விட்டா பாத்ரூம்ல வருதா?" என்று அவர் கேட்டார். "அப்ப அடைப்பு சிங்க்லயும் இல்ல, பாத்ரூம்லயும் இல்லக்கா. எல்லாக் குழாயும் ஒண்ணா சேர்ற இடத்தைத் தாண்டி எங்கயோ இருக்கு. பம்பு அடிச்சா அப்போதைக்கு ஒரு ஓட்டை விழும், திரும்ப மூடிக்கும். சந்துல சேம்பர் மூடி இருக்கும்ல, அதைத் திறந்து பாருங்க. உள்ள தண்ணி நிறைஞ்சிருந்தா அடைப்பு ரோட்டுப் பக்கம், நான் வரணும். காலியா இருந்தா அடைப்பு உங்க வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவுல. குழாய் வாய் கண்ணுக்குத் தெரியும், கையுறை போட்டுக்கிட்டு நீங்களே இழுத்துப் பார்க்கலாம்."

(சேம்பர் என்பது வீட்டை விட்டு வெளியேறும் குழாய் வந்து விழுகிற சிறு தொட்டி, மேலே ஒரு கனமான மூடி. இது குளிக்கிற, கழுவுகிற தண்ணீருக்கானது மட்டும்தான். நீங்கள் நினைக்கிற அந்தக் குழாய் வேறு பக்கம் போகிறது. மூக்கைப் பிடிக்க வேண்டாம்.)

கேக் அக்கா சந்துக்குப் போனாள். சேம்பர் மூடிக்கு மேல் அவளுடைய முதல் ஓவன் உட்கார்ந்திருந்தது. பழுதாகி வருஷக்கணக்காகிறது. தூக்கிப் போட மனசில்லாமல், தட்டையான இடம் என்று அவளே அங்கே வைத்த இரும்பு பூதம். ஒற்றை ஆளால் நகர்த்த முடியாது. பிடிப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால், மாடி பூட்டியிருந்தபோதும் தண்ணீர் வந்தது என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நாளை வண்டி வந்துவிடும், பழி பார்லரோடு வண்டியேறிப் போய்விடும், ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த வாக்கியத்தை இப்படி எழுதினேன்:

*கேக் அக்கா உள்ளே வந்து பம்பை எடுத்தாள்.*

கதை அங்கேயே நின்றுவிட்டது.

5

நானும் என்னால் முடிந்த பம்பையெல்லாம் அடித்துப் பார்த்தேன். 'எடுத்தாள்' என்பதை 'எடுக்கப் போனாள்' என்று மாற்றினேன். ஆணியை வர்ணித்தேன். ஒரு பல்லியைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டவைத்து, அது 'ச்ச்' கொட்டுகிற மாதிரி எழுதினேன். கொஞ்சம் நகரும், மறுபடி நின்றுவிடும். பல்லியை அனுப்பிவிட்டேன், பாவம்.

என் வீட்டுக்காரர் காய் நறுக்கிக்கொண்டே தாள்களைப் படித்தார். ஓரத்தில் வெங்காயத் தண்ணீர் பட்டிருக்கிறது, அதுவும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

"அந்த மாடிப் பொண்ணு ஏன் வாயே திறக்கல?" என்று கேட்டார்.

"கேக் நல்லாருக்கா இல்லையான்னு சொல்லுவாளே."

"அது கேக்கைப் பத்தி. இவ்ளோ பெரிய பேச்சு வாங்கியிருக்கா, பதிலுக்கு ஒரு வார்த்தை இல்ல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போனாளாம். ஏன்?"

"சாது."

"சாதுன்னு நீ சொல்லிட்டா ஆச்சா? உனக்கு அவ பேசினா கதை நீண்டுபோகும். அதான் வாயை அடைச்சு வெச்சிருக்க."

எனக்குச் சுருக்கென்றது. மனுஷனுக்குக் கதை எழுத வராது, ஆனால் என் கதையில் பூசி மெழுகின இடத்தை மட்டும் எப்படியோ விரல் வைத்துக் காட்டிவிடுவார். நான்காம் பகுதியில் தடுக்கினால் நான்காம் பகுதியையே திருத்திக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் என் சமையலறையில் கேட்ட கேள்விகளுக்கு அர்த்தமே அதுதானே. ஒரு இடத்தில் ஒரு தரம் நின்றால் அங்கேயே எடுத்துவிடு, போய் வேலையைப் பார். அதே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால் சந்தேகப்படு. ஓரிடத்தில் விட்டது வேறிடத்தில் வந்தால், அங்கே தோண்டாதே, இன்னும் தள்ளிப் போ.

மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனேன். அந்த மாடிப்படிக்கு. 'சும்மா தலையைக் குனிந்துகொண்டு' என்று எழுதியிருக்கிறேனே, அந்தச் 'சும்மா'வுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவளையே கேட்பது என்று முடிவு செய்தேன்.

6

*கேக் அக்கா உள்ளே வந்து பம்பை எடுத்தாள்.* எடுத்தவள் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். பார்லர் துடைப்பமும் வாளியுமாக வெயிலில் வந்து சேர்ந்தபோது, கேக் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"நீ இல்லாதப்பவும் தண்ணி வந்துச்சு."

பார்லர் நின்றாள்.

"மாடி பூட்டித்தான் இருந்துச்சு. என் சிங்க்ல விட்டேன், பாத்ரூம்ல வந்துச்சு. உன் மேல தப்பில்ல போல."

"போலவா?" என்றாள் பார்லர்.

"சரி, தெரியலம்மா. திறந்து பார்த்தாதான் தெரியும். அன்னைக்கு அவ்ளோ பேசினேனே, நீ திருப்பி ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஏன் கேக்கல?"

பார்லர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இதோ, முதல் தடவையாக அவள் முழுசாகப் பேசுகிறாள். நான் குறுக்கே வரப்போவதில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்க்கா. தெருவே அடைப்புன்னா உங்களைத்தான் கூப்பிடுது. நான் தினம் கடையில விழுற முடியைப் பெருக்கிப் பையில கட்டிடறேன். அலசுற தண்ணிக்கு வலை போட்டிருக்கேன், வலைக்குக் கீழ இன்னொரு வலை போட்டேன். அப்படியும் உங்க வீட்ல தண்ணி நிக்குதுன்னா, நான் என்ன செஞ்சாலும் உங்களுக்குத் தொல்லைதான்னு தோணுச்சு. நான் கோவத்துல போகல. நீங்க தினமும் குனிஞ்சு அள்ளுறதைப் பார்க்க முடியாமத்தான் போறேன்."

கேக் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துடைத்தவள் பேச்சை மாற்றினாள், அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

"ஓவனை நகர்த்தணும். ஒரு கை பிடிக்கிறியா?"

"அந்த ஓவன் நகருமா? அது நம்ம ரெண்டு பேரையும் வெச்சு நசுக்கிடும்."

"நசுக்கட்டும், பிடி."

7

நசுக்கவில்லை. ஆனால் சந்து முழுக்க ஒரு கூப்பாடு. "உன் பக்கம் தூக்கு." "இதுதான்க்கா என் பக்கம்." "காலு, காலு, என் காலு." பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது. ஓவன் ஒரு முழம் நகர்ந்து சுவரில் சாய்ந்தது. கேக் மாவு வழிக்கிற தட்டைக் கரண்டியை நெம்புகோலாக்கி மூடியைக் கிளப்பினார்கள்.

சேம்பர் காலியாக இருந்தது. அடியில் ஒரு கரப்பான் மட்டும் யார் இது என்பதுபோல் மீசையை ஆட்டியது.

"காலின்னா நடுவுல," என்றாள் கேக் அக்கா. கையுறை மாட்டி, துணி மாட்டுகிற கம்பியை நிமிர்த்தி முனையைக் கொக்கியாக வளைத்து, குழாய் வாய்க்குள் விட்டாள். கொக்கி எதையோ பிடித்தது. இழுத்தாள். வரவில்லை. பார்லரும் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். மெதுவாக, தயங்கித் தயங்கி, ஒரு பொருள் வெளியே வந்தது.

(ஸ்பிரிங் எனக்குச் சொல்லாமல் போனது இங்கேதான் வர வேண்டும். நானாக யோசித்தது இது. நம்ப முடியவில்லை என்றால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருடையது இதைவிட மோசமாக இருக்கும்.)

சடை. கை தடிமனில், முழ நீளத்தில், வெளுப்பும் மஞ்சளுமாக இறுகிய ஒரு சடை. வலைக்கு வலை போட்டும் நழுவிய பொடி முடியெல்லாம் உள்ளே பின்னிக்கிடந்தது. அதன் மேல் அடுக்கடுக்காக வெண்ணெய். சூட்டில் உருகிச் சிங்க்கை விட்டு ஓடிய வெண்ணெய், வெளிச்சுவருக்கு அந்தப்பக்கம் போனதும் ஆறி, உறைந்து, முடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே தேங்கியிருந்த தண்ணீர் 'சோ' என்று பாய்ந்து இருவர் காலையும் நனைத்தது.

பார்லர் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தாள்.

"வெனிலா வாசனை வருதுக்கா."

கேக் அக்கா தலை நிமிரவில்லை. அத்தனை வெந்நீர், அத்தனை பளபளப்பு.

"பாத்திரத்தைத் துடைச்சுட்டுக் கழுவியிருக்கணும்," என்றாள் மெதுவாக. "பிசுக்கைக் காகிதத்துல வழிச்சுக் குப்பையில போட்டிருக்கணும். நான் பெரிய சுத்தக்காரின்னு வெந்நீரை ஊத்தினேன். உன்னைப் போய் அந்தப் பேச்சு பேசினேன்."

"என் முடி இல்லன்னா உங்க வெண்ணெய் நின்னிருக்காதுக்கா."

"என் வெண்ணெய் இல்லன்னா உன் முடி போயிருக்கும்."

"அப்ப இது ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது," என்று பார்லர் கொக்கியோடு அதைத் தூக்கிப் பிடித்தாள். "நல்லா வந்திருக்கு. ஆர்டர் எடுக்கலாம்."

கேக் அக்கா சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள். முடியவில்லை. சேம்பர் ஓரத்திலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள், பாதி சிரிப்பு, பாதி மற்றது.

8

இனி முடிவு. கைவசம் ரெண்டு இருக்கின்றன.

முடிவு ஒன்று: மறுநாள் வண்டி வருகிறது, வெறும் வண்டியாகத் திரும்பிப் போகிறது. மாடியில் பெட்டிகள் பிரிக்கப்படுகின்றன, சீவல் தட்டு மேலே ஏறுகிறது. எழுதிப் பார்த்தேன். ரொம்ப வழவழ என்று இருந்தது, வெந்நீர் ஊற்றின மாதிரி.

முடிவு இரண்டு: பார்லர் போகிறாள். புது இடம் நல்ல இடம், கடைக்குப் பெரிய கண்ணாடி, வாசலிலேயே பஸ். கோபம் போனது என்பதற்காக நல்ல கடையை விட வேண்டுமா? *அவள் வண்டியில் ஏறும்போது கேக் அக்கா* (இதற்கு மேல் எழுத எனக்கு மனசு வரவில்லை.)

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். அடைப்பு எடுத்த பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மேலே குழாயைத் திறந்துவிட வேண்டும், ஒருவர் கீழே சேம்பரைப் பார்க்க வேண்டும். பார்லர் மாடிக்கு ஓடினாள், புது வீட்டுச் சாவி இடுப்பில் கிலுகிலுத்தது.

"விடட்டுமாக்கா?"

"விடு."

தண்ணீர் வந்தது. முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாக, தடையே இல்லாமல் வந்து விழுந்து சுழன்று அந்தப்பக்கம் போயிற்று. இதைவிட நன்றாக ஒரு குழாய் ஓட முடியாது. கேக் அக்காவுக்கு அது தெரியும், தெருவிலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. 'சரி, மூடிடு' என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். பார்லர் கீழே வந்து கையைக் கழுவிக்கொண்டு, மிச்சப் பெட்டியைக் கட்டப் போய்விடுவாள்.

"சரியாயிடுச்சாக்கா?" என்று மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

கேக் அக்கா ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் விடு," என்று கத்தினாள். "பார்க்கணும்."

மாடி ஜன்னலிலிருந்து சேம்பர் நன்றாகவே தெரியும், அதை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். பார்லர் எட்டிப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாள். பக்கத்தில் குந்தியிருக்கிற அக்காவின் உச்சந்தலையையும் பார்த்தாள். நரை தெரிகிறது, அலசிச் சாயம் போட்டு எத்தனையோ நாளாயிற்று.

"சரிக்கா," என்றாள். இன்னொரு குழாயையும் திறந்துவிட்டாள்.

நான் எழுந்துகொள்கிறேன், என் வீட்டுக்காரர் காய் நறுக்கி முடித்துவிட்டார். மேலே டேங்க்கில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அது தீர்வதற்குள் இருவரில் ஒருவர் வாயைத் திறந்தாக வேண்டும். சேம்பர் பக்கத்தில் நிற்கிறீர்கள், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். குழாயை மட்டும் தயவுசெய்து நீங்களாகப் போய் மூடிவிடாதீர்கள்.